எவோன் பெயரில் போன ரத்தம்

அந்த வருஷம் ஆற்றுக்கு உறையவே மனசில்லை. அக்டோபர் முடியப் போகிறது, குஸ்கோக்விம் ஆற்றின் நடுவில் இன்னும் கறுப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரையோரத்தில் மட்டும் ஐஸ். அதுவும் நாயைத் தாங்கும், ஆளைத் தாங்காது. படகை இறக்க முடியாது, பனிவண்டியை ஓட்டவும் முடியாது. காற்றும் மூடுபனியும் விட்டுக்கொடுக்கும் நாளில் பெதல் டவுனிலிருந்து வந்து இறங்கும் சின்ன விமானம் ஒன்றுதான் எங்களுக்குத் துணை. அதற்கு ஊரில் ஏஜெண்ட் இல்யா என்ற நான். தபால் பை, மாவு மூட்டை, ஜெனரேட்டர் சாமான், சவப்பெட்டி எல்லாம் என் வண்டியில்தான் ஊருக்குள் வரும், வெளியே போகும்.

ரத்தமும் என் வண்டியில்தான் போகும்.

எங்கள் ஊரில் முந்நூறு பேர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆங்கரேஜ் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வந்து, ஊரையே பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி ரத்தம் எடுத்துப் பார்த்ததில், முப்பத்திரண்டு பேருக்கு மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளேயே தங்கிவிட்டது தெரிந்தது. பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் கிடக்கும், சிலருக்கு மட்டும் கல்லீரலில் புற்று வைக்கும் என்றார்கள். முன்கூட்டிக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. வயிற்றிலிருக்கும் பிள்ளையின் ஈரல் ஒரு புரதம் சுரக்குமாம். பிறந்த பிறகு அது ஏறக்குறைய நின்றுபோகும். வளர்ந்த மனிதன் ரத்தத்தில் அது மறுபடி தலைகாட்டினால் ஈரலில் வேண்டாதது ஏதோ முளைக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். வலி வருமுன், உடம்பு இளைக்குமுன், அந்த எண் ஏறத் தொடங்கும். பத்துக்குள் இருந்தால் பயமில்லை. அதனால் அந்த முப்பத்திரண்டு பேரும் ஐஸ் உடையுமுன் ஒருமுறை, ஆறு உறையும் சமயத்தில் ஒருமுறை கையை நீட்ட வேண்டும். பட்டியலில் நானும் இருக்கிறேன்.

ரத்தம் எடுப்பவள் அக்சீனியா. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பெதலில் பதினாறு வாரம் படித்துவிட்டு வந்த எங்கள் ஊர்ப் பெண். கோடரி பட்டவனுக்குத் தையல் போடுவாள், பிரசவம் பார்ப்பாள், சீழ் பிடித்த காதுக்குச் சொட்டுமருந்து விடுவாள். எது புரியாவிட்டாலும் பெதலுக்குப் போன் செய்து டாக்டரைக் கேட்டுக்கொள்வாள். பட்டியலில் ஒரு பேர் விடாமல் ரத்தம் அனுப்பிய ஊர்களுக்கு, ஆங்கரேஜில் அந்த வேலையைப் பார்க்கும் லெனோர் என்ற நர்ஸ், ஒரு பாராட்டுத் தாள் கையெழுத்துப் போட்டு அனுப்புவாள். எங்கள் கிளினிக் சுவரில் அப்படி மூன்று தாள் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர்களில் ஒன்றுக்கே வழியில்லை.

அன்று பெட்டியை எடுத்துப்போகக் கிளினிக்குக்குள் நுழைந்தபோது அவள் புருஷன் யாகோ நாற்காலியில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தான். ஊசி கையில் இருந்தது. குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"வா அண்ணே, அஞ்சு நிமிஷம். இதை மெஷின்ல சுத்தவிட்டு எடுத்துட்டா முடிஞ்சுது," என்றாள் அக்சீனியா, என் முகத்தைப் பார்க்காமல்.

யாகோ பட்டியலில் இல்லை. ஊருக்கே ரத்தம் எடுத்த அந்தக் கோடையில் அவன் காட்டுத்தீ அணைக்கும் கூட்டத்தோடு வடக்கே போயிருந்தான். அப்புறம் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. குழாயில் ஒட்டியிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தேன். எவோன் என்று எழுதியிருந்தது.

எவோன் யாகோவின் மாமன் மகன். சிறுவயதிலிருந்தே இரண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் கேலி செய்தே வளர்ந்தவர்கள். எங்களுக்குள் மச்சான்மார் அப்படித்தான். கேலி செய்யாவிட்டால்தான் ஏதோ கோபம் என்று அர்த்தம்.

"எவோன் எங்கே?" என்றேன்.

"ஆத்துக்கு மேல, மூஸ் மான் வேட்டைக் கேம்ப்ல மாட்டிக்கிட்டான். ஐஸ் கெட்டிப்பட்டாத்தான் வருவான்," என்றான் யாகோ. "நேத்து வயர்லெஸ் ரேடியோவுல அவன் பேசினது நீ கேக்கலியா? 'தங்கச்சி, என் பேர்ல எந்த நாய் ரத்தத்தையாவது அனுப்பிவை'ன்னு ஊருக்கே கேக்கறாப்பல சொன்னானே. பக்கத்துல வேற நாய் சிக்கல. நான் வந்தேன்."

நான் சிரித்தேன். அக்சீனியா சிரிக்கவில்லை.

"அண்ணே, அவன் வந்தா மட்டும் என்ன, கையையா நீட்டப் போறான்?" என்றாள். "வீட்டுக்குப் போனாப் பின்வாசல் வழியா ஓடறான். உன் எதிர்லேயே எத்தனை தடவை கூப்பிட்டிருக்கேன். ஒரு பேர் விட்டுப்போனா லெனோர் போன்ல கேக்கற கேள்வி இருக்கே..."

"எனக்கென்னம்மா தெரியும்? நான் பெட்டி தூக்கறவன்," என்றேன்.

இந்த வார்த்தையைச் சொன்னதற்காக நான் இன்றைக்கும் கூசுகிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விமானத்தில் ஏற்றினேன். பைலட்டிடம் வானிலை பற்றிப் பேசினேன்.

எவோன் ஊசிக்குப் பயந்தவன் இல்லை. அவனுக்கு ஆறு வயசில் அவன் அப்பாவைக் காசநோய் என்று விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு அட்டைப்பெட்டியில் அவருடைய பூட்ஸும் கைக்கடிகாரமும் மட்டும் திரும்பி வந்தன. எங்கே புதைத்தார்கள் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே அவன் எழுந்து வெளியே போய்விடுவான். அக்சீனியாவுக்கு இது தெரியும். அவனைத் துரத்தவும் மனசில்லை, பட்டியலில் ஓட்டை விடவும் மனசில்லை. அதனால் இப்படி ஒரு வழி பண்ணியிருந்தாள். அன்று நான் பார்த்தது நாலாவது தடவை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நவம்பர் பாதியில் ஐஸ் கெட்டிப்பட்டது. எவோன் பனிவண்டியில் இரண்டு மூஸ் இறைச்சியோடு வந்து சேர்ந்தான். அவன் மனைவி மத்ரோனா துண்டு போட்டு வீடு வீடாக அனுப்பினாள். எனக்கு விலாக்கறி வந்தது. சாயங்காலம் யாகோ வீட்டு நீராவிக் குடிலில் நாங்கள் மூன்று பேரும் குளித்தோம். சூடான கல்லில் தண்ணீர் ஊற்ற ஊற்ற ஆவி காதைக் கடித்தது. மூச்சுக்குத் தரையோடு குனிந்து உட்கார்ந்திருந்தோம்.

"இன்னும் ஒரு சொம்பு ஊத்தட்டுமா மச்சான், இல்ல அழுதுடுவியா?" என்றான் யாகோ.

"ஊத்துடா. உன் பொண்டாட்டி குத்தற குத்தைவிட இது மோசமில்ல," என்றான் எவோன்.

"அவ உன்னை எங்கேடா குத்தினா? குத்து வாங்கறவன் நான். என் கையைப் பாரு, சல்லடை மாதிரி ஆயிடுச்சு."

"அதுக்குத்தானே உனக்குத் தொடைக்கறி அனுப்பினேன். நல்லாத் தின்னு. என் பேர்ல போற ரத்தம் கொஞ்சம் கொழுப்பா இருக்கட்டும்."

மூன்று பேரும் சிரித்தோம். எவோன் வெளியே போய்ப் பனியில் நின்றான். கதவு வெளிச்சத்தில் அவன் முதுகைப் பார்த்தேன். தோள் எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. கேம்ப் சாப்பாடு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

டிசம்பர் முதல் வாரம் தபால் பையில் ஆங்கரேஜ் ஆஸ்பத்திரி உறை ஒன்று வந்தது. நானே கொண்டுபோய் அக்சீனியா கையில் கொடுத்தேன். அவள் பிரித்ததை நான் பார்க்கவில்லை. அதில் இருந்தது இவ்வளவுதான்: எவோன். முந்தைய அளவுகள் நாலு, ஐந்து, நாலு. இப்போதைய அளவு இருநூற்றுப் பன்னிரண்டு. உடனே ஸ்கேனுக்கு அனுப்பவும்.

அந்த நாலு எண்ணும் யாகோவின் எண்கள்.

ரொம்ப நாள் கழித்து அவளே என்னிடம் சொன்னாள். "படிச்சதும் எனக்கு முதல்ல என்ன தோணிச்சு தெரியுமா அண்ணே? என் புருஷன் செத்துடுவானோன்னு தோணல. ஐயோ, எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடுமேன்னுதான் தோணிச்சு. புருஷன் நெனப்பு ரெண்டாவதாத்தான் வந்துச்சு. அதை நான் யார்கிட்ட சொல்லி அழறது?"

நாலு நாள் அந்தக் கடிதத்தை அங்கி உள்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். முதல் நாள் லெனோருக்குப் போன் செய்து, குழாய் மாறியிருக்கும், மறுபடி எடுத்து அனுப்புகிறேன் என்றாள். இரண்டாம் நாள் எவோன் வீட்டுக்குப் போய்க் கையைக் கேட்டாள். அவன் கையில் இருந்த கத்தியைக் காட்டி, "விரலை வெட்டித் தரேன், எடுத்துட்டுப் போ," என்று சிரித்துவிட்டு மீன் அறுப்பதைத் தொடர்ந்தான். மூன்றாம் நாள் தேவாலயத்தில் பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே போனாள்.

நாலாம் நாள் யாகோவும் நானும் ஐஸுக்கு அடியில் போட்ட வலையை இழுக்கப் போயிருந்தோம். கடப்பாரையால் ஓட்டையை உடைத்து, மிதந்த ஐஸ் துண்டுகளை அள்ளிப் போட்டுவிட்டு, ஒரு முனையில் நான் கயிறு விட, இன்னொரு முனையில் அவன் வலையை இழுத்தான். வெறுங்கையால்தான் மீனைப் பிரிக்க முடியும். கைகள் சிவந்து மரத்துப் போயிருந்தன. வெளியே போட்ட வெள்ளைமீன் இரண்டு தடவை துள்ளி அப்படியே விறைத்தது. கரையிலிருந்து அக்சீனியா நடந்து வந்தாள். கையுறை போட்டுக்கொள்ளாமல் வந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கே ஏதோ போல் இருந்தது.

"என்ன, யாருக்காவது பிரசவமா?" என்றான் யாகோ.

அவள் கடிதத்தை நீட்டினாள். அவன் ஈரக் கையைக் காலில் துடைத்துவிட்டுப் படித்தான்.

"பாவம், எவோன்," என்றான். "இதை அவன்கிட்ட எப்படிச் சொல்லப் போறே?"

"யாகோ, அது எவோன் ரத்தம் இல்ல."

அவன் புரியாமல் அவளைப் பார்த்தான். பிறகு தன் முழங்கையைப் பார்த்தான். வலை தண்ணீருக்குள் திரும்ப நழுவிக்கொண்டிருந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்ப வந்துச்சு இது?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்கு வியாழன்."

"ஆமா."

"நாலு நாளா என்ன பண்ணிட்டிருந்தே?"

அவன் குரலை உயர்த்தவில்லை. எங்கள் ஊரில் ஆண்கள் மனைவியை அடுத்தவர் எதிரில் திட்டுவதில்லை. அவன் குனிந்து இன்னொரு மீனைப் பிரித்தான். செவுளில் நூல் சிக்கியிருந்தது. ரொம்ப நேரம் பிரித்தான். அப்புறம் சொன்னான்:

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. இது என் எண்ணுன்னா, எவோன் எண் என்ன?"

அவள் அப்படியே ஐஸில் உட்கார்ந்துவிட்டாள். அவன் கேட்கும்வரை அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டு வருஷமாக அந்தப் பேரில் நல்ல எண்ணாகப் பார்த்துப் பார்த்து, எவோன் நன்றாக இருக்கிறான் என்று அவளே நம்பிவிட்டிருந்தாள்.

மூன்று பேரும் வலையைப் பாதியில் விட்டுவிட்டு நேரே எவோன் வீட்டுக்குப் போனோம். மத்ரோனா மூஸ் சூப் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மேஜையில் காய்ந்த மீனும் கடல்நாய் எண்ணெயும் பிஸ்கெட்டும் இருந்தன. வந்தவர்களுக்குச் சாப்பாடு போடாமல் அவள் பேசவிட மாட்டாள். கிண்ணத்தை முன்னால் வைத்தாள். யாரும் தொடவில்லை.

"என்ன எல்லாரும் சவ வீட்டுக்கு வந்தாப்பல உக்காந்திருக்கீங்க?" என்றான் எவோன்.

அக்சீனியா நின்றுகொண்டே சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நாலு தடவையும் தேதியோடு சொன்னாள். எவோன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்போ என் சீக்கை என் மச்சான் திருடிட்டான்," என்றான். "சின்ன வயசுல என் துடுப்பைத் திருடினான். இப்ப இதையும் விடல."

யாகோ சிரிக்க முயன்றான். முடியவில்லை.

"நீயும் கையைக் காட்டுடா எவோன்," என்றான். "கேலி போதும். நான் கூட வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். உங்கப்பா மாதிரி தனியாப் போக வேணாம்."

எவோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மத்ரோனா அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவள் பேசியது அக்சீனியாவிடம்.

"ராத்திரி வேர்த்துக் கொட்டுதுன்னு மார்ச்ல உன்கிட்ட வந்து சொன்னேன் இல்ல? விலாக்கிட்ட வலிக்குதுங்கறார்னு சொன்னேன். நீ என்ன சொன்னே?"

அக்சீனியா தரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

"நீ அலமாரியில இருந்த பைலை எடுத்துப் பார்த்தே. 'பயப்படாதக்கா, அவர் நம்பர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு'ன்னே. நான் நிம்மதியா வீட்டுக்கு வந்தேன்."

எவோன் எழுந்து வந்து சட்டைக் கையைச் சுருட்டி மேஜைமேல் கையை வைத்தான்.

"எடு தங்கச்சி," என்றான். "சீக்கிரம் எடு, மனசு மாறிடும்."

அன்றே மாலை அவன் சும்மா இருக்காமல் ரேடியோவில் ஊருக்கே அறிவித்தான்: "எல்லாரும் கேளுங்க, என் ரத்தம் ரெண்டு வருஷமாத் திருட்டுப் போயிட்டிருந்துச்சு. திருடன் அகப்பட்டான். பேரு யாகோ. சாமான் கெட்டுப்போனதுன்னு இப்பத் திருப்பித் தர்றான்." அவன் தன் பாணியில் அக்சீனியாவின் பாரத்தைக் குறைக்கப் பார்த்தான் என்றே நான் நம்புகிறேன். ஆனால் எல்லா வீட்டிலும் ரேடியோ இருந்தது. மறுநாள் கடையில் அக்சீனியா நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒரு கிழவர் அவளுக்காகக் கதவைக்கூடத் திறந்து பிடித்தார். திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு மச்சான்மாரையும் நானே விமானத்தில் ஏற்றினேன். எவோன் படியில் காலை வைத்துவிட்டு நின்றான். யாகோ அவன் முதுகில் கையை வைத்தான், தள்ளவில்லை. எவோன் ஏறினான்.

ஒரு வாரத்தில் ஆங்கரேஜிலிருந்து அறுவை டாக்டர் கிளினிக்குக்குப் போன் செய்தார். உள்ளே மூன்று பெண்கள் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். நான் மருந்துப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் போனில் பேசினால் அறை முழுக்கக் கேட்கும்.

"யாகோ ஈரல்ல ஒரு கட்டி இருக்கும்மா. ரெண்டு சென்டிமீட்டர்தான். அறுத்து எடுத்துடலாம்னு பாக்கறேன். ஆனா இது மெதுவா வளர்றதா, வேகமா வளர்றதா, எத்தனை நாளாச்சுன்னு தெரிஞ்சா நல்லாருக்கும். இவருக்கு முன்னாடி எடுத்த அளவு எதுவும் கிடையாதே. பட்டியல்லயே இல்லியே இவர்?"

அக்சீனியா போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காத்திருந்த பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள். கொஞ்சம் பொறு, வெளியே அனுப்பிவிட்டுப் பேசு என்று நான் சைகை காட்டினேன். அவள் கவனிக்கவில்லை.

"இருக்கு டாக்டர்," என்றாள். "இதுக்கு முன்னாடி மூணு தடவை எடுத்தது இருக்கு. நாலு, அஞ்சு, நாலு. அந்தக் கடைசி நாலு ஏப்ரல்ல எடுத்தது. எல்லாம் எவோன்கிற பேர்ல இருக்கு. அது என் புருஷன் ரத்தம். நான்தான் பேரை மாத்தி எழுதினேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அப்போ ஏப்ரலுக்கு அப்புறம் வந்ததுதான் இது," என்றார் டாக்டர். குரல் மாறியிருந்தது. "சீக்கிரமே புடிச்சிருக்கோம். நல்ல வாய்ப்பு இருக்கு. நாளைக்கே எடுத்துடறேன்."

"எவோனுக்கு?"

"அவருக்குப் பதினோராயிரத்து நானூறு. ஈரல் ரெண்டு பக்கமும் பரவியிருக்கு. அறுக்க வழியில்ல. அவருக்கு முன்னாடி எடுத்த அளவு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

அவள் போனை வைத்தாள். காத்திருந்த பெண்களில் ஒருத்தியின் பிள்ளைக்குக் காது வலி. அக்சீனியா பிள்ளையை மடியில் வாங்கி, காதில் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். அந்தத் தாய் தன் கையால் விளக்கைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

யாகோ ஜனவரியில் விலாவுக்குக் குறுக்கே நீளத் தையலோடு வந்தான். எவோன் அதற்கு முன்பே வந்துவிட்டான். அங்கேயே இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம் என்றார்களாம். வீட்டுக்கு விடுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தான். விமானத்திலிருந்து இறங்கும்போது கண் மஞ்சளாக இருந்தது.

"பாத்தியா, இல்யா," என்றான் என்னிடம். "காகிதத்துல இருந்த எவோன் ரெண்டு வருஷம் நல்ல ஆரோக்கியமா இருந்தான். நான்தான் அவன் அளவுக்கு இல்ல."

யாகோ அந்த வீட்டுக்குள்ளே போகவில்லை. இரண்டு வாரம் மீன் கொடுத்தனுப்பினான், விறகு வெட்டி வாசலில் போட்டுவிட்டுக் கதவைத் தட்டாமல் திரும்பினான். ஒரு நாள் மத்தியானம் ரேடியோவில் எவோன் குரல் கேட்டது. மெலிந்த குரல்.

"மச்சான், கேக்குதா? எனக்கு நீராவிக் குளியல் வேணும். நடக்க முடியல. தூக்கிட்டுப் போக ஆள் வேணும். வேற எவனையாவது கூப்பிட்டா அவன் என்னைக் கீழே போடுவான். நீ போட மாட்டே, உனக்கு என்கிட்ட கடன் இருக்கு."

யாகோ போனான். தையல் போட்ட உடம்போடு அவனைச் சறுக்குப்பலகையில் வைத்து இழுத்து வந்தான். கல்லில் தண்ணீர் குறைவாகத்தான் ஊற்றினோம். எவோன் மூஸ் தோல்மேல் படுத்தபடி யாகோவின் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"என் பேர்ல இவ்ளோ பெரிசா வெட்டிட்டாங்களே," என்றான்.

யாகோ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. எவோன் அவனைத் தேற்றவில்லை. "தண்ணி ஊத்துடா," என்று மட்டும் சொன்னான்.

ஊரில் வலிக்கு ஊசி போடத் தெரிந்தவள் ஒருத்திதான். தினமும் காலையும் சாயங்காலமும் அக்சீனியா அந்த வீட்டுக்குப் போனாள். மத்ரோனா கதவைத் திறந்துவிடுவாள், தேநீர் வைப்பாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். அக்சீனியா ஊசி போட்டுவிட்டுத் தேநீரை முழுக்கக் குடித்துவிட்டு வருவாள். சுடச்சுட, ஆற விடாமல். "வைச்சதைக் குடிக்காம வர எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?" என்றாள் ஒருமுறை.

மே மாதம், ஆற்றில் ஐஸ் உடைந்து ஓடிக்கொண்டிருந்தபோது எவோன் போய்ச் சேர்ந்தான். சவப்பெட்டிப் பலகையை யாகோவே இழைத்தான்.

லெனோர் விசாரணைக்கு வந்தாள். அக்சீனியா எதையும் மறைக்கவில்லை. சுவரில் இருந்த மூன்று தாளையும் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். வேலையை விடுகிறேன் என்று ஊர்ச் சபைக்கு எழுதியும் கொடுத்தாள். சபையில் அதை வாசித்தார்கள். பெதல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெரிய அதிகாரி, உங்கள் விருப்பம் என்ன என்று ஊரைக் கேட்டார். கடைசியில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "அவ போனா நாளைக்கு எங்க பிள்ளைக்கு மூச்சு முட்டினா யார் இருக்கா? அவளே பார்க்கட்டும். கூடவே ஒருத்தரை வைங்க, எழுதறதைச் சரிபார்க்க." மத்ரோனா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

எழுதுவதைச் சரிபார்க்க யாரும் முன்வரவில்லை. நான் வருகிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று சபையில் யாருக்கும் தெரியாது. அக்சீனியாவுக்குத் தெரியும்.

மறுபடி அக்டோபர் வந்தது. பட்டியல் வந்தது. ஒரு பேர் அடிக்கப்பட்டிருந்தது. கடைசியில் பேனாவால் யாகோ என்று சேர்க்கப்பட்டிருந்தது. இரண்டு நாள் கிளினிக்கில் ஆட்கள் வந்து போனார்கள். வந்தவர்கள் வானத்தைப் பற்றியும் மூஸ் பற்றியும் பேசினார்கள். ரத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மத்ரோனாவும் பட்டியலில் இருப்பவள். இரண்டாம் நாள் மத்தியானம் வந்தாள். உட்கார்ந்தாள். சட்டைக் கையைச் சுருட்டவில்லை.

"முதல்ல எழுது," என்றாள்.

அக்சீனியா குழாயில் ஒட்டும் காகிதத்தில் எழுதினாள்.

"படி."

"மத்ரோனா."

"முழுசா."

அக்சீனியா அவள் முழுப்பெயரையும், பிறந்த தேதியையும், வருஷத்தையும் வாசித்தாள். குரல் உடையாமல் வாசித்தாள். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

"ஒட்டு." ஒட்டினாள். மத்ரோனா குழாயைத் தன் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். பிறகுதான் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"இப்ப குத்து."

ரத்தம் ஏறும்வரை குழாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பஞ்சை அமுக்கிக்கொண்டு எழுந்தாள். கதவருகில் நின்று, திரும்பாமலே சொன்னாள்: "ஏப்ரல்லயும் வருவேன். எல்லாருக்கும் இப்படியே படி."

அவள் போன பிறகு அக்சீனியா அந்தக் குழாயை மற்றவற்றோடு அடுக்கி வைத்தாள். வெளியே விமானச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. பட்டியலில் இன்னும் ஒரு பேர் பாக்கி. நான் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவள் எழுதினாள். காகிதத்தை என் கண்ணுக்கு நேரே பிடித்து என் பெயரை முழுதாக வாசித்தாள்.

"நீதானே அண்ணே?" என்றாள்.

"நான்தான்" என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.